இடது பக்கத்தில் இருந்தவள்

என் கணவருக்கு இடது கண் தெரியாது என்பதைக் கலியாணமாகிப் பல மாதங்களுக்குப் பிறகுதான் நான் அறிந்தேன். இதைச் சொன்னால் கேட்பவர்கள் முதலில் சிரிப்பார்கள். ஒரே வீட்டில் இருந்து ஒரே அடுப்பில் சமைத்துத் தின்றவளுக்குப் புருஷனுடைய கண் எப்படித் தெரியாமல் போகும் என்பார்கள். உங்கள் வீட்டுக்காரர் எந்தக் காலை முதலில் வைத்துப் படி இறங்குகிறவர், யோசியாமல் சொல்லுங்கள் பார்ப்போம் என்று நான் கேட்பேன். அதோடு அநேகம் பேர் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

அந்தக் கண்ணில் பூ விழுந்திருக்கவில்லை. மற்றக் கண்ணைப் போலவே கறுப்பாக இருந்தது, மற்றக் கண்ணோடு சேர்ந்தே இமைத்தது. களைத்துப்போன நேரங்களில் மட்டும் கொஞ்சம் வெளிப்பக்கமாக விலகி நிற்கும். அதை நான் ஒரு அழகு என்று நினைத்திருந்தேன். அந்த வயதில் எதைத்தான் அழகென்று நினைக்கமாட்டோம்!

எங்களுடையது உரும்பிராயில் ஒரு தோட்டக்காரக் குடும்பம். நான் சிறு பிள்ளையாக இருக்கும்போதே ஐயா செத்துப்போனார். அதன் பிறகு எனக்கு எல்லாம் அண்ணைதான். படிப்பை விட்டுவிட்டுப் புகையிலைத் தோட்டத்தில் இறங்கினார். என்னை மட்டும் உடுவிலில் விடுதியில் சேர்த்துப் படிப்பித்தார். பெண்பிள்ளைக்கு எதற்கு இவ்வளவு படிப்பு என்று கேட்ட சொந்தக்காரரோடு வாய்ச்சண்டை போட்டார். விடுதிக்கு ஆட்கள் வந்து பார்க்கும் நாளில், அம்மா சுட்ட பணியாரத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு முதல் ஆளாக வந்து நிற்பார். மற்றப் பிள்ளைகள் பொறாமைப்படுவார்கள். உலகத்திலேயே பொய் சொல்லத் தெரியாத ஒரு மனிதர் என் அண்ணை என்று நான் நம்பியிருந்தேன்.

என்னைக் கேட்டு வந்த சம்பந்தங்களில் மலாயாவில் உத்தியோகம் பார்த்தவர்கூட ஒருவர் இருந்தார். அண்ணை எல்லாவற்றையும் ஏதேதோ காரணம் சொல்லித் தட்டிக் கழித்தார். கடைசியில் தானே ஒரு மாப்பிள்ளையைக் கொண்டுவந்தார். சண்டிலிப்பாயில் பள்ளிக்கூட வாத்தியார். அண்ணை சிறுவயதில் அங்கே சின்னம்மா வீட்டில் நின்று படித்தவர். அப்போது கூடப் படித்த சிநேகிதராம்.

“குணத்திலை தங்கம், பிள்ளை. சின்னனிலையிருந்து நான் பாத்துக்கொண்டு வாறன்” என்றார்.

“நீங்கள் சொன்னால் சரி, அண்ணை” என்றேன். அப்போது அதை நான் யோசித்துச் சொன்னதாகவே நினைத்தேன்.

மாப்பிள்ளையைக் கோயிலில் வைத்துக் காட்டினார்கள். தூணுக்கு அந்தப் பக்கம் வெறும்மேலோடு, சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். திரை விலகும் நேரம், மணியோசை, கற்பூரப் புகை. அவற்றுக்கிடையே நான் பார்த்தது ஒரு மூக்கு, ஒரு கன்னம், ஒரு தோள், அவ்வளவுதான். ஆனால் வீட்டுக்கு வந்தபோது முழு மனிதரும் எனக்குள் இருந்தார். அவருடைய சிரிப்பு எப்படியிருக்கும் என்றுகூட எனக்குத் தெரிந்திருந்தது. சிரித்ததை நான் காணவேயில்லை.

கலியாணத்தன்று மாப்பிள்ளை வாசல் படலையடியில் வந்து நிற்க, பெண்ணின் சகோதரன் செம்பில் தண்ணீர் வார்த்து அவருடைய காலைக் கழுவ வேண்டும். மாப்பிள்ளை அவனுடைய விரலில் மோதிரம் போடுவார். யன்னல் சீலையை விலக்கி நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணை காலைக் கழுவிக்கொண்டே அழுதார். சும்மா கண் கலங்கவில்லை, தோள் குலுங்க அழுதார். தங்கச்சியைப் பிரிகிற துக்கம் என்று பெண்டுகள் உச்சுக்கொட்டினார்கள். நானும் உள்ளே நின்று அழுதேன். பிறகு மாப்பிள்ளை மோதிரத்தை நீட்டினார். அது விரல் நுனிக்குக் கொஞ்சம் முன்னால் வெறும் காற்றில் நின்றது. அண்ணை சட்டென்று விரலை நீட்டி மோதிரத்துக்குள் நுழைத்துக்கொண்டார். மாப்பிள்ளைக்குக் கை நடுங்குது என்று யாரோ பகிடி பண்ணினார்கள்.

தாலி கட்டும்வரை மாப்பிள்ளையின் வலப்பக்கத்தில் இருக்கிற பெண், கட்டியபிறகு எழும்பி இடப்பக்கம் போய் இருக்க வேண்டும். இனி மனைவிக்கு அதுதான் இடம். நான் இடம் மாறி இருந்ததும் அவர் கழுத்தை முழுவதாகத் திருப்பி, முழு முகத்தாலும் என்னைப் பார்த்தார். ஐயர் மந்திரம் சொல்ல, அவர் இரண்டாம் முறையும் அப்படியே திரும்பிப் பார்த்தார். பெண்டுகள் சிரித்த சிரிப்பில் பந்தலே அதிர்ந்தது. எனக்கு வெட்கத்தில் முகம் சுட்டது. சந்தோஷமாகவும் இருந்தது, ஏன் மறைக்க வேண்டும்?

சண்டிலிப்பாய் வீட்டிலும் அந்தப் பார்வை தொடர்ந்தது. மற்ற ஆண்கள் பெண்சாதியோடு கதைக்கும்போது எங்கேயோ வேலியைப் பார்த்துக் கதைப்பார்கள். இவர் அப்படியில்லை, முழு முகத்தையும் திருப்பித்தான் கதைப்பார். ஒழுங்கையில் நடக்கும்போது என்னை வலப்பக்கத்துக்கு மாற்றிவிடுவார். மனைவி நிற்க வேண்டிய பக்கம் அதல்லவே என்று பக்கத்து வீட்டு மாமி முறைப்பாடு சொன்னபோது, “உந்தச் சட்டமெல்லாம் கோயிலுக்குள்ளை மட்டும், மாமி” என்றார். புருஷன் கொஞ்சம் புதுமாதிரியான ஆள் என்று எனக்குப் பெருமை.

எரிச்சலும் இருந்தது. செம்பிலிருந்து மூக்குப்பேணிக்குக் கோப்பி வார்த்தால், செம்பின் விளிம்பைப் பேணியின் விளிம்பில் ‘டக்’ என்று முட்டவைத்துத்தான் வார்ப்பார். உயர்த்தி வார்த்தால் என்ன, கோப்பி கோவிக்குமா என்று நான் கேட்பேன். படியிறங்குமுன் தலையை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒருமுறை ஆட்டிக்கொள்வார். ஒருநாள் மாமரத்தடியில் நின்று ஒரு காயை அவரிடம் எறிந்தேன். அது கைக்குள் போகாமல் நெஞ்சில் போய் விழுந்தது. இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். இவ்வளவும் என் கண்முன்னால் நடந்தது. நான் ஒன்றையும் காணவில்லை.

செத்தல் மிளகாய் வறுத்து இடித்த நாளில்தான் எல்லாம் வெளித்தது. நான் முற்றத்தில் இருந்து தூளை அரித்துக்கொண்டிருந்தேன். நல்ல வெயில். அவர் பள்ளிக்கூடத்தால் வந்து, சால்வையைக்கூடக் கழற்றாமல் எனக்கு முன்னால் குந்தி ஏதோ கதை சொல்லத் தொடங்கினார். ஒரு காற்று அடித்துத் தூளைக் கிளப்பியது. “ஐயோ” என்று வலது கண்ணைப் பொத்திக்கொண்டு எழும்பினார்.

“இஞ்சாரும், தண்ணி, தண்ணி. எங்கை நிக்கிறீர்?”

நான் அவருக்கு நேர் எதிரே, ஒரு கை தூரத்தில் நின்றேன். இடது கண் நன்றாகத் திறந்திருந்தது. அது என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

“முன்னாலைதானே நிக்கிறன். பகிடி விடாதையுங்கோ.”

“எங்கை?” என்றார். மற்றக் கை காற்றைத் தடவியது. என் தோளைத் தாண்டிப் போய், திரும்பி வந்து, என் காதில் பட்டது. அந்தக் கண் அப்போதும் என்னைப் பார்த்தபடியே இருந்தது. ஆனால் அதற்குள் ஒரு ஆளும் இல்லை.

கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டுபோய்க் கண்ணைக் கழுவிவிட்டேன். எரிவு தணிந்ததும் அவர் துலாக்காலில் சாய்ந்து நின்று, ஒன்றும் நடவாததுபோலச் சிரித்தார்.

“பயந்திட்டீர் என்ன? மற்றது வேலை செய்யாது எண்டு உமக்குத் தெரியும்தானே. கொண்ணர் எல்லாம் சொன்னவர்தானே?”

கொண்ணர் என்றது என் அண்ணையை. நான் வாளியைக் கீழே வைத்தேன்.

“தெரிஞ்சுதான் நீர் ஓம்பட்டனீர் எண்டு அவர் வந்து சொன்னபோது நான் நம்பேல்லை. படிச்ச பிள்ளை, வடிவான பிள்ளை, என்னைப்போலை ஒருத்தனை ஏன் கட்டப்போகுது எண்டு கேட்டன். தங்கச்சி யோசிச்சுத்தான் சொன்னவள் எண்டார்.” சால்வையால் வலது கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அதை நான் சாகுமட்டும் மறக்கமாட்டன்.”

என்ன சொல்லுவேன்? எனக்குத் தெரியாது, என்னிடம் ஒருவரும் சொல்லவில்லை என்று நாக்கு நுனிவரை வந்தது. அவருடைய முகத்தைப் பார்த்தேன். தன்னை ஒருத்தி தெரிந்தே விரும்பி வந்தாள் என்பதில்தான் அந்த மனிதர் நிமிர்ந்து நிற்கிறார் என்று பட்டது. அதைப் பிடுங்க எனக்கு மனம் வரவில்லை. விழுங்கிக்கொண்டேன்.

“அண்ணை சொன்னவர். ஆனால் எப்பிடி வந்தது எண்டு வடிவாச் சொல்லேல்லை” என்றேன்.

“சொல்லமாட்டார், பாவம்” என்றார். பிறகு அவரே சொன்னார். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் உள்ள வெளியில் கிட்டிப்புள் விளையாடியிருக்கிறார்கள். அண்ணை அடித்த புள் நேரே வந்து கண்ணில் பட்டிருக்கிறது. அழுதுகொண்டு நின்ற அண்ணையைப் பார்த்து, “நீ ஓடு, நான் விழுந்தனான் எண்டு சொல்லுறன்” என்றாராம் இவர். அப்படியே சொன்னாராம். விளையாடப்போய் விழுந்ததற்காகத் தகப்பனிடம் அடியும் வாங்கினாராம். கண் வெளியே பழுதில்லாமல் இருந்ததால், வீட்டாரும் பிறகு அதைப் பற்றி மூச்சுக் காட்டவில்லை.

அன்று நான் சமைத்த சோறு குழைந்துபோனது.

அடுத்தடுத்த நாட்களில், தெரிந்தவள்போலக் கேட்டுக் கேட்டு, அவர் எப்படிப் பார்க்கிறார் என்பதை அறிந்துகொண்டேன். பாதி உலகம் இருட்டாக இருக்குமோ என்று கேட்டேன்.

“இல்லையப்பா. உம்மடை முதுகுக்குப் பின்னாலை இருக்கிறது உமக்கு இருட்டாயே தெரியுது? ஒண்டுமில்லைத்தானே? அப்பிடித்தான். எனக்கு எல்லாம் முழுசாத்தான் இருக்கு.”

தூரம் கணிப்பதுதான் கரைச்சல் என்றார். எது எதை மறைக்கிறதோ அது கிட்ட. நிழல் சாமானோடு ஒட்டியிருந்தால் சாமான் நிலத்தில் இருக்கிறது, விலகியிருந்தால் உயரத்தில் இருக்கிறது. தலையை ஆட்டினால் கிட்ட இருப்பது வேகமாக ஓடும், எட்ட இருப்பது மெல்ல அசையும். நிழல் குறுகிப்போகிற உச்சிவெயிலில் படியும் நிலமும் ஒன்றாகிவிடுமாம். இவ்வளவு கணக்கையும் இருந்து யோசிக்கிறீர்களா என்று கேட்டேன். யோசிக்கிறதில்லை, அது தன்பாட்டில் நடக்கும் என்றார்.

அவர் பள்ளிக்கூடம் போனபிறகு என் இடது கண்ணைச் சீலைத்துண்டால் கட்டிக்கொண்டு வீட்டுவேலை செய்து பார்த்தேன். ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. கோப்பி பேணிக்கு வெளியே போனது. கிணற்றுக்கட்டு இருக்கிற இடத்துக்கு முன்னாலேயே கையை ஊன்றப்போய் விழப்பார்த்தேன். ஆனால் பின்னேரமாவதற்குள் என் தலை தானாகவே ஆடத் தொடங்கிவிட்டது. செம்பைப் பேணியில் முட்டவைத்து வார்த்தேன். ஒரு சொட்டும் சிந்தவில்லை. அந்த ‘டக்’ சத்தத்துக்காக அவரை எத்தனை தரம் ஏசியிருப்பேன்!

விடுதியில் எங்களுக்கு உடம்பைப் பற்றிப் பாடம் எடுத்த ரீச்சர், எல்லாருடைய கண்ணிலும் ஒரு சிறு இடம் குருடு என்று சொல்லியிருந்தார். ஒரு கடதாசியில் சிலுவையும் புள்ளியும் கீறி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு சிலுவையையே பார்க்கச் சொன்னார். கடதாசியை மெல்லக் கிட்டக் கொண்டுவர, புள்ளி காணாமல் போனது. ஆனால் அந்த இடத்தில் ஓட்டை ஒன்றும் தெரியவில்லை, வெறும் கடதாசிதான் தெரிந்தது. சுற்றியிருப்பதை வைத்து மூளை அதை நிரப்பிவிடும், உங்களிடம் கேட்காது என்றார் ரீச்சர். வகுப்பே கைதட்டிச் சிரித்தது.

இப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. காற்றில் நின்ற மோதிரத்துக்கு நான் வெட்கம் என்று பெயர் வைத்திருந்தேன். அண்ணையின் அழுகைக்குப் பாசம் என்று பெயர் வைத்திருந்தேன். மணவறையில் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாரே, அதற்கு நான் வைத்த பெயரைச் சொல்லவும் வேண்டுமா? மனைவிக்கென்று வைத்த இடத்தில் இருந்த நான் அவருக்குத் தெரியவில்லை. அதனால் கழுத்தைத் திருப்பினார். என் கண் ஏமாற்றவில்லை, அது கண்டதைத்தான் காட்டியது. மிச்சத்தை நானே நிரப்பிக்கொண்டேன். நிரப்புவதற்கு வசதியாக அண்ணை ஓட்டையைச் சுற்றி எல்லாவற்றையும் ஒழுங்குபண்ணி வைத்திருந்தார்.

ஒரு சாட்டுச் சொல்லிவிட்டு உரும்பிராய்க்குப் போனேன். அண்ணை தோட்டத்தில் புகையிலைக்குக் கெட்டு, அதுதான் பக்கக் கொழுந்து, முறித்துக்கொண்டிருந்தார். கையெல்லாம் பிசின்.

“என்ன பிள்ளை, தனிய வந்திருக்கிறாய்? அவர் வரேல்லையே?”

“அவரின்ரை கண்ணைப் பற்றி எனக்குத் தெரியும் எண்டு சொன்னனீங்களே, அண்ணை?”

அவர் முறித்த கொழுந்தைக் கையில் வைத்தபடி நின்றார்.

“நான் யோசிச்சு ஓம்பட்டனான் எண்டு சொன்னனீங்களே? எப்ப என்னட்டைக் கேட்டனீங்கள்?”

“கேட்டால் நீ மாட்டன் எண்டிருப்பாய்.”

“எண்டால்? அது என்ரை விருப்பம்.”

“அவன் எனக்காக அடி வாங்கினவன், பிள்ளை. இண்டுவரைக்கும் ஆருக்கும் ஒரு சொல்லுச் சொல்லேல்லை. அவனைக் காணுற நேரமெல்லாம் எனக்கு நெஞ்சு எரியும். நான் என்ன செய்ய? என்னட்டை இருந்ததிலை நல்லது நீதான்.”

அதைக் கேட்டதும் எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. அண்ணையை நான் ஒருநாளும் நீ என்று சொன்னதில்லை. அன்று சொன்னேன்.

“நீ செய்த பிழைக்கு என்னை ஏன் குடுத்தனி? நான் என்ன, உன்ரை பட்டியிலை நிண்ட ஆட்டுக்குட்டியே?”

அவர் முகம் சுருங்கிப்போனது. “அவன் உன்னை வடிவா வைச்சுப் பாக்கேல்லையே?” என்று மெல்லக் கேட்டார்.

“பாக்கிறார்.”

“பிறகென்ன?”

பிறகென்ன! அந்த ஒரு சொல்தான் எனக்கு இன்னும் ஆத்திரம். விடுதிக்குப் பணியாரம் கட்டிக்கொண்டு வந்தது, மலாயா மாப்பிள்ளையைத் தட்டிக் கழித்தது, எல்லாவற்றையும் நான் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். படிப்பித்ததுகூட எனக்காகவா, அல்லது அந்தச் சிநேகிதருக்கு நல்ல பெண்ணாகக் கொடுக்கவா? அம்மாவுக்கு இதெல்லாம் தெரியுமா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் இன்னும் ஒரு ஆளை இழக்க வேண்டி வரும்.

வீட்டுக்கு வந்து என் கணவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவருடைய சந்தோஷத்தை நான் ஒரு விளக்கைப்போலக் கையால் மறைத்துக் காத்தேன். அண்ணை வீட்டுக்கு வந்தால் குசினியை விட்டு வெளியே வரமாட்டேன். மனம் பொறுக்காத நேரங்களில் என் கணவருடைய இடப்பக்கத்தில் போய் இருப்பேன். அந்த வீட்டில் என் முகத்தை நான் விரும்பியபடி வைத்திருக்கக்கூடிய இடம் அது ஒன்றுதான்.

பிள்ளைகள் பிறந்தார்கள். உலக யுத்தம் தொடங்கி, அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் கியூவில் நிற்கிற காலம் வந்தது. ஒருநாள் பின்னேரம் அண்ணை ஒரு கடகம் நிறையக் கத்தரிக்காயும் மரவள்ளிக்கிழங்கும் கொண்டுவந்து வைத்துவிட்டு, என் முகத்தைக் காணாமலே திரும்பிப் போனார். அவர் போனபிறகு என் கணவர் குசினி வாசலில் வந்து நின்றார்.

“நீர் கொண்ணரோடை கதையாமல் இருக்கிறது என்ரை கண்ணாலைதானே?”

“உங்களுக்கு ஆர் சொன்னது?”

“ஒருத்தரும் சொல்லேல்லை. அவர் உமக்குச் சொல்லாமல்தான் கட்டிவைச்சவர் எண்டு எனக்குத் தெரியும்.”

நான் கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்த அரிவாளைக் கீழே வைத்தேன். “எப்ப தெரியும்?”

“கலியாணம் முடிஞ்ச கையோடை. இரண்டு பேரும் கோயிலாலை வந்தம். நீர் ஒரு செவ்வரத்தம்பூவை எனக்கு நீட்டிக்கொண்டு இடப்பக்கமா நடந்திருக்கிறீர். நான் காணேல்லை. கொஞ்சத் தூரம் வந்தபிறகு நீர் கோவத்திலை அதை வேலிக்கு மேலாலை எறிஞ்சீர். அப்பதான் கண்டனான். என்ரை கண்ணைப் பற்றித் தெரிஞ்ச பொம்பிளை எண்டால் அதுக்குக் கோவிச்சிருக்காது.”

அந்தப் பூவை நான் மறந்தே போயிருந்தேன்.

“அப்ப மிளகாய் இடிச்ச அண்டைக்கு? கொண்ணர் சொன்னவர்தானே எண்டு கேட்டீங்களே? சாகுமட்டும் மறக்கமாட்டன் எண்டீங்களே?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். “நீர் இல்லையெண்டு சொல்லிப்போடுவீரோ எண்டு பயந்துதான் அப்பிடிக் கேட்டனான். பிடிக்கேல்லை எண்டு விட்டிட்டுப் போயிடுவீர் எண்டு நினைச்சன்.”

அப்படியானால் நான் இத்தனை வருஷம் எதைக் காத்து வைத்திருந்தேன்? அவருக்கு இல்லாத ஒரு நம்பிக்கையை உடைக்கக்கூடாதென்று, என் வாயை நானே தைத்துக்கொண்டு, கூடப்பிறந்தவனுடைய முகத்தில் முழியாமல் இருந்திருக்கிறேன். இரண்டு ஆண்களும் என்னைப் பற்றி எல்லாவற்றையும் தங்களுக்குள் தீர்மானித்திருந்தார்கள். நான் மாட்டேன் என்பேன் என்று ஒருவர் தீர்மானித்தார். நான் போய்விடுவேன் என்று மற்றவர் தீர்மானித்தார்.

அவரிடம் நான் கத்தவில்லை. கத்தரிக்காயை எடுத்து மறுபடியும் அரியத் தொடங்கினேன். அவர் வாசலிலேயே நின்றார். நான் போயிருக்கமாட்டேன். அந்தப் பூவை எறிந்த அன்று, இப்படித்தான் என் கண் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால், நின்றிருப்பேன். தெரிந்தே, விரும்பியே நின்றிருப்பேன். அதைச் சொல்லுகிற வாய்ப்பை எனக்கு ஒருவரும் தரவில்லை.